போக்கர் ஹட்டில் எந்த எண்களை வைப்பது, எத்தனை ஹேண்டுக்குப் பிறகு நம்புவது?

ஏழுரெண்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் ஆன்லைனில் ஆடுவது 6-மேக்ஸ் (ஆறு பேர் வரை) கேஷ் போக்கர் மேசைகள், சின்ன ஸ்டேக் (பந்தயத் தொகை), ஒரே நேரத்தில் நாலு மேசை. இதுவரை எதிராளியைப் பற்றி மனதில் நிற்பதையும், பெயரைச் சொடுக்கி எழுதி வைக்கிற குறிப்புகளையும் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு ஹேண்டையும் (ஒரு தடவை சீட்டுப் போட்டு முடிக்கிற ஆட்டம்) கணக்கெடுக்கும் போக்கர் டிராக்கர் 4 மென்பொருளைப் போட்டு, எதிராளியின் எண்களை மேசை மேலேயே காட்டுகிற ஹட்டையும் திறந்துவிட்டேன். திறந்த மாத்திரத்தில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஒரு பஞ்சாங்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. விபிஐபி என்றால் ஒருவர் தானாக விரும்பிப் பணம் போட்டு எத்தனை சதவீத ஹேண்டுகளில் நுழைகிறார், பிஎஃப்ஆர் என்றால் ஃப்ளாப்புக்கு (மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) முன்னால் எத்தனை சதவீதம் ரைஸ் செய்கிறார் (பந்தயத்தை ஏற்றுகிறார்), இது வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்குக் கீழே இருக்கிற 3-பெட் (ஒருவரின் ரைஸுக்கு மேல் மறு ரைஸ்), ஃபோல்ட் டு 3-பெட் (அதற்குப் பயந்து சீட்டைப் போட்டுவிட்டுப் போவது), ஸ்டீல் (பிளைண்டுகளை எடுக்கக் கடைசி இடங்களிலிருந்து செய்யும் ரைஸ்), சி-பெட் (முன்னால் ரைஸ் செய்தவர் ஃப்ளாப்பிலும் தொடர்ந்து போடும் பெட்), ஏஎஃப் (முரட்டுத்தன அளவு), டபிள்யூடிஎஸ்டி (ஷோடவுன் சதவீதம்) எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடிப் படித்துவிட்டேன். ஆனால் சில வினாடிகளில் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கண் எங்கே போக வேண்டும் என்றுதான் பிடிபடவில்லை.

ஒரு ஹேண்டைச் சொல்கிறேன், சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது. நான் பிக் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே கட்டாயமாக 1 பிளைண்ட் போடுகிற இடம், ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி), கையில் ஸ்பேடு ஏஸும் ஸ்பேடு 5ம். பட்டன் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடுகிற இடம்) வரை எல்லோரும் ஃபோல்ட், பட்டனில் இருப்பவர் 2.5 பிளைண்டுக்கு ரைஸ், ஸ்மால் பிளைண்டும் போய்விட்டார். ரைஸ் செய்தவரின் பெட்டியில் 39/32 (விபிஐபி/பிஎஃப்ஆர்) என்று இருக்கிறது, மொத்தம் 41 ஹேண்ட், ஃபோல்ட் டு 3-பெட் மட்டும் 100 என்று பச்சை நிறத்தில் மின்னுகிறது. 10 பிளைண்டுக்கு 3-பெட் போட்டேன். அவர் கால் செய்துவிட்டார் (அதே தொகையைக் கட்டிவிட்டார்). ஃப்ளாப் கிங், 8, 3, மூன்றும் வேறு வேறு சூட். பாட்டின் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) மூன்றில் ஒரு பங்குக்கு சி-பெட் போட்டதும் போய்விட்டார். பாட் எனக்குத்தான் வந்தது, அதனால் புலம்பல் எதுவும் இல்லை. ஆனால் 100 என்று காட்டியவர் கால் செய்கிறார் என்றால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? இது போன்ற எண்களை எத்தனை ஹேண்டுக்குப் பிறகு நம்பலாம், திரையில் எவை இருந்தால் போதும், அப்புறம் எந்தெந்தத் தளங்களில் இதற்கு அனுமதி உண்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

பழைய_கணக்கு எழுதியது:

அந்த 100 மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்தால் பக்கத்தில் 2/2 (இரண்டு வாய்ப்பில் இரண்டு ஃபோல்ட்) என்று வந்திருக்கும், மிஞ்சிப்போனால் 3/3. 41 ஹேண்டில் அதற்கு மேல் வாய்ப்பே இல்லை.

முதலில் உங்கள் 3-பெட்டுக்கு எவ்வளவு ஃபோல்ட் தேவை என்று பார்ப்போம். நீங்கள் ரைஸ் செய்வதற்கு முன் பாட்டில் இருந்தது அவருடைய 2.5, ஸ்மால் பிளைண்டின் 0.5, உங்களுடைய 1, ஆக 4 பிளைண்ட். 10க்குக் கொண்டுபோக நீங்கள் மேற்கொண்டு போட்டது 9. 4ஐ ஜெயிக்க 9ஐப் பணயம் வைக்கிறீர்கள் என்றால், 13க்கு 9, அதாவது 69 சதவீதத்துக்கு மேல் அவர் ஃபோல்ட் செய்தால்தான் கையில் எந்தக் குப்பை இருந்தாலும் உடனடி லாபம். 100 என்ற எண்ணைப் பார்த்தால் இது அல்வா சாப்பிடுவது போலத் தெரியும். ஆனால் உண்மையில் பாதி நேரம் மட்டுமே ஃபோல்ட் செய்கிற ஒருவர்கூட முதல் இரண்டு தடவையும் ஃபோல்ட் செய்ய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட நாலு பேர் உங்கள் மேசைகளில் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர் தலைக்குமேல் 100 மின்னிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

விபிஐபியும் அப்படித்தான். 41 ஹேண்டில் 39 சதவீதம் என்றால் 16 தடவை நுழைந்திருக்கிறார். சதவீதங்களுக்கான சாதாரண பிழைக் கணக்கைப் போட்டால் இரண்டு பக்கமும் சுமார் 15 வருகிறது. அதாவது அவர் உண்மையில் 24ஆக இருக்கலாம், 54ஆகவும் இருக்கலாம். 24 என்றால் 6-மேக்ஸில் ஒழுங்காக ஆடுகிற ரெக் (வழக்கமாக ஆடும் தேர்ந்த ஆள்). 54 என்றால் எதையும் விடாத ஆள். இந்த இரண்டு பேருக்கு எதிராகவும் ஒரே மாதிரி ஆட முடியாது, ஆனால் பெட்டி இரண்டு பேருக்கும் ஒரே 39ஐத்தான் காட்டும். 1000 ஹேண்ட் ஆனபிறகும் 39 என்றே நின்றால் அப்போது 36க்கும் 42க்கும் நடுவில் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

இப்போது முக்கியமான இடம். விபிஐபிக்கு ஒவ்வொரு ஹேண்டும் ஒரு வாய்ப்பு. ஃபோல்ட் டு 3-பெட்டுக்கு அப்படியில்லை, அவர் முதலில் ரைஸ் செய்திருக்க வேண்டும், பின்னால் ஒருவர் 3-பெட் போட்டிருக்க வேண்டும். 100 ஹேண்டில் 18 தடவை ஓபன் (முதல் ரைஸ்) செய்கிறார், அதில் நாலில் ஒன்று 3-பெட்டைச் சந்திக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1000 ஹேண்டில் கிடைப்பது வெறும் 45 வாய்ப்பு. 45 வாய்ப்பில் வருகிற பிழை மறுபடியும் அதே 15 சதவீதம். ஆக 1000 ஹேண்டுக்குப் பிறகு பார்க்கிற ஃபோல்ட் டு 3-பெட் எண்ணும், 41 ஹேண்டுக்குப் பிறகு பார்க்கிற விபிஐபியும் ஒரே அளவுக்குத்தான் கலங்கல். பெட்டியின் மூலையில் "1000 ஹேண்ட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்லா எண்ணையும் ஒரே தராசில் நம்புவதுதான் புதிதாக ஹட் போடுகிற எல்லோரும் விழுகிற குழி. "எத்தனை ஹேண்டுக்குப் பிறகு நம்பலாம்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, அந்த எண்ணுக்கு எத்தனை வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

குறைந்த வாய்ப்பில் என்ன செய்வது? நான் செய்வது இது. உங்கள் டேட்டாபேஸில் அந்த ஸ்டேக்கில் ஆடுகிற எல்லோருடைய சராசரியையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபோல்ட் டு 3-பெட் 50 என்று வைப்போம். அந்தச் சராசரியில் 10 வாய்ப்பை ஒவ்வொருவருக்கும் சீதனமாகக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பட்டன்காரர் 2க்கு 2. சீதனம் சேர்த்தால் 12க்கு 7, அதாவது 58. 58 என்று பார்த்திருந்தால் "சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போவார் போலிருக்கிறது" என்று நினைப்பீர்கள், அதுதான் அந்த இரண்டு ஹேண்ட் சொன்ன மொத்தச் செய்தி. 10 என்ற எண் கல்லில் எழுதினதில்லை, 8, 15 எதுவும் வைத்துக்கொள்ளலாம். மேசையில் இதையெல்லாம் பெருக்கிப் பார்க்க வேண்டாம், 5 வாய்ப்புக்குக் கீழே இருந்தால் சராசரி, 30க்கு மேல் இருந்தால் அவருடைய எண், நடுவில் இருந்தால் நடு. கண்ணாலேயே முடிந்துவிடும்.

உங்கள் ஹேண்டுக்கு வருகிறேன். ஸ்பேடு ஏஸ்-5ஐ வைத்துப் பட்டனுக்கு எதிராக 3-பெட் போட்டது நல்ல முடிவுதான். ஒரு ஏஸ் உங்கள் கையில் இருப்பதால் அவரிடம் ஜோடி ஏஸும் ஏஸ்-கிங்கும் இருக்கிற வாய்ப்பு குறைகிறது, கால் வந்தாலும் ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் இரண்டுக்கும் வழி இருக்கிறது. அந்த 100 அங்கே இல்லாவிட்டாலும் போட்டிருக்க வேண்டிய 3-பெட். கையில் 9-4 ஆஃப்சூட் (இரண்டும் வேறு சூட்) இருந்து அந்த 100ஐ மட்டும் நம்பிப் போட்டிருந்தால்தான் நான் சண்டைக்கு வந்திருப்பேன்.

திரையில் என்ன வைப்பது என்றால், என் பெட்டியில் இரண்டு வரி. மேலே விபிஐபி, பிஎஃப்ஆர், 3-பெட், மொத்த ஹேண்ட். கீழே ஃபோல்ட் டு 3-பெட், ஃப்ளாப் சி-பெட், சி-பெட்டுக்கு ஃபோல்ட், ஷோடவுன் சதவீதம். மீதியெல்லாம் சொடுக்கினால் திறக்கிற பாப்-அப்பில். வாய்ப்பு எண்ணிக்கை தெரியாத எந்த எண்ணும் என் திரையில் வராது, குறைந்தபட்ச வாய்ப்பு வரும்வரை வெறும் கோடு காட்டும்படி அமைத்துவிட்டேன்.

—

மேசைப்பூனை எழுதியது:

மேலே சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனால் சின்ன ஸ்டேக்கில் பாதிப்பேர் 30 ஹேண்டில் எழுந்து போய்விடுவார்கள், அவர்களிடம் எந்த எண்ணும் முளைக்காது. நான் ஹட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டே மேசை ஆடுகிறேன். விபிஐபிக்கும் பிஎஃப்ஆருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை நாலு ரவுண்டு கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும், ரைஸ் செய்யாமல் பிளைண்டை மட்டும் கட்டி லிம்ப் செய்துகொண்டே இருப்பவரை அடையாளம் காண 45/8 என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

எண் காட்டாத விஷயம்தான் எனக்குக் காசு. ஷோடவுனில் ஒருவர் சீட்டைக் காட்டும்போது அந்த ஹேண்டைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள், எந்தத் தெருவில் (ஃப்ளாப், நாலாவது பொதுச் சீட்டான டர்ன், ஐந்தாவதான ரிவர் என்ற பந்தயச் சுற்றுகள்) என்ன அளவு போட்டார் என்று. "ரிவரில் பாட்டைவிடப் பெரிய பெட், செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) வைத்திருந்தார், டர்னில் செக் (பந்தயம் போடவில்லை)" என்று ஒரே ஒரு குறிப்பு. அடுத்த தடவை அதே ஆள் அதே அளவு போட்டால் என் டாப் பேரை (மேசையின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி) தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். ஏஎஃப் 2.4 என்ற எண் இதைச் சொல்லுமா?

—

பழைய_கணக்கு எழுதியது:

@மேசைப்பூனை ஏஎஃப் எதையும் சொல்லாது, அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பெட்டையும் ரைஸையும் கூட்டி காலால் வகுத்தால் வருவதுதான் ஏஎஃப். ஃபோல்ட் கணக்கிலேயே இல்லை. பயந்தாங்கொள்ளி ஒருவர் நல்ல கை வந்தால் பெட், இல்லையென்றால் ஃபோல்ட், காலே கிடையாது என்று ஆடினால் அவருடைய ஏஎஃப் வானத்துக்குப் போய்விடும், பார்ப்பவர் ஏதோ முரட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார். கால் பூஜ்யமாக இருந்தால் வகுக்கவே முடியாது. அதனால்தான் ஃபோல்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற ஏஎஃப்க்யூ என்று இன்னொன்று வந்தது. நான் இரண்டையுமே வைப்பதில்லை.

குறிப்புகள் பற்றியும் சரிதான். ஆனால் இரண்டு மேசையில் முடிகிற காரியம் ஆறு மேசையில் முடியாது. அதோடு, கண்ணால் நாலு ரவுண்டு பார்ப்பதும் 24 ஹேண்ட் சாம்பிள்தான், அதற்கும் அதே பிழை உண்டு. மனம் அதைச் சதவீதமாகக் காட்டாமல் "இந்த ஆள் லூஸ்" என்று தீர்ப்பாகக் காட்டுகிறது, பிழை கண்ணில் படுவதில்லை.

—

மேசைப்பூனை எழுதியது:

24 ஹேண்டில் அவர் காட்டின சீட்டையும் பார்க்கிறேன் இல்லையா, எண்ணுக்கு அது தெரியாது. 7-3 ஆஃப்சூட்டை நடு இடத்திலிருந்து கால் செய்து ஒரு தடவை காட்டினால் எனக்கு அந்த ஒன்று போதும், சராசரி ரெக் அந்தக் கையை ஒருநாளும் தொட மாட்டார். சரி, இதில் நாம் சண்டை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

—

விதிக்கட்டு எழுதியது:

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

முதலில் ஹட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும். ஒவ்வொரு ஹேண்டும் முடிந்ததும் தளத்தின் மென்பொருள் அந்த ஹேண்டின் வரலாற்றை உங்கள் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதுகிறது. டிராக்கர் அந்தக் கோப்பைப் படித்து, டேட்டாபேஸில் போட்டு, சதவீதம் எடுத்து, மேசை ஜன்னலின் மேல் ஒட்டுகிறது. நடந்துகொண்டிருக்கிற ஹேண்ட் அதற்குத் தெரியாது, முடிந்த ஹேண்டுகள் மட்டும்தான். ஆகவே ஒரு தளம் ஹட்டை ஒழிக்க வேண்டுமென்றால் உங்கள் கணினிக்குள் நுழைந்து தேட வேண்டியதில்லை, கோப்பு எழுதுவதை நிறுத்தினால் போதும், அல்லது அதில் பெயர்களை மறைத்தால் போதும்.

பார்ட்டிபோக்கர் 2019 ஜூனில் இதைத்தான் செய்தது. எல்லோரையும் பெயர் மாற்ற வைத்து, ஹேண்ட் வரலாறு இறங்குவதையும் நிறுத்தியது, அதுவரை சேர்த்து வைத்திருந்தவர்களின் டேட்டாபேஸ் ஒரே நாளில் காலி. போவாடா, இக்னிஷன் போன்ற இடங்களில் மேசையில் பெயரே இருக்காது, இருக்கை எண் மட்டும், எதிராளியை அடுத்த நாள் அடையாளம் காணவே வழியில்லை. ஒரு நாள் கழித்து வரலாற்றை இறக்கினால் எல்லோருடைய மறைவுச் சீட்டும் அதில் தெரியும் என்பது அங்கே உள்ள விசித்திரம், தனி ஆளைப் படிக்க முடியாவிட்டாலும் அந்தக் கூட்டம் மொத்தமும் எப்படி ஆடுகிறது என்று படிக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஜிஜிபோக்கரில் வெளி ஹட்டுக்குத் தடை, அவர்களே ஸ்மார்ட் ஹட் என்று ஒன்றை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். போக்கர்ஸ்டார்ஸ் ஹட்டை அனுமதிக்கிறது, ஆனால் நீங்களே ஆடிய ஹேண்டுகளிலிருந்து வந்த எண்ணாக இருக்க வேண்டும். பிறர் ஆடிய ஹேண்டுகளைக் கூட்டமாக விலைக்கு வாங்கி உள்ளே கொட்டுவது விதிமீறல். சூழ்நிலையைப் பார்த்து "இங்கே ரைஸ் செய்" என்று சொல்கிற எதுவும் கூடாது. எண் காட்டுவது வேறு, ஆலோசனை சொல்வது வேறு, பின்னது எந்தப் பெரிய தளத்திலும் கணக்கை முடக்கிவிடும், உள்ளே இருக்கிற பணமும் போகலாம்.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. தளத்தின் மூன்றாம் தரப்பு மென்பொருள் பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்துவிட்டு நிறுவுங்கள், மன்றத்தில் ஒருவர் சொன்னார் என்பது அவர்களிடம் செல்லாது.

என் சொந்தக் கருத்து கேட்டால், தடை செய்கிற தளங்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. புதிதாக வருகிற ஒருவருக்குத் தன் தலைக்குமேல் 62/9 என்று எழுதியிருப்பது தெரியாது, எதிரே இருக்கிற ஐந்து பேருக்கும் தெரியும்.

—

ஏழுரெண்டு எழுதியது:

பார்த்துவிட்டேன், 2/2தான். :)

@பழைய_கணக்கு 45 வாய்ப்புக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது, ஆயிரம் ஹேண்ட் என்றால் எல்லாமே உறுதி என்றுதான் நினைத்திருந்தேன். இன்னும் இரண்டு விஷயம். ஷோடவுன் சதவீதத்தை ஏன் அந்த எட்டில் ஒன்றாக வைத்திருக்கிறீர்கள்? அதைப் பார்த்து என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம், ஸ்டீல் எண்ணை ஏன் மேலே வைக்கவில்லை? பட்டனில் உட்காரும்போதெல்லாம் அதுதான் உபயோகம் என்று எங்கேயோ படித்தேன்.

—

பழைய_கணக்கு எழுதியது:

ஷோடவுன் சதவீதத்தைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும், பக்கத்தில் ஷோடவுனில் ஜெயித்த சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள் (பாப்-அப்பில் முதல் வரியில் வைத்திருக்கிறேன்). ஃப்ளாப் பார்த்த ஹேண்டுகளில் எத்தனை சதவீதம் கடைசிவரை போய்ச் சீட்டைக் காட்டினார் என்பது முதல் எண், காட்டினபோது எத்தனை சதவீதம் பணம் எடுத்தார் என்பது இரண்டாவது. ஒருவர் 34, 45 என்று இருக்கிறார் என்றால் எதை வைத்துக்கொண்டும் கடைசிவரை வருகிறார், வந்து தோற்கிறார். அவரிடம் பிளஃப் அடிப்பது கிணற்றில் காசைப் போடுவது. அதற்குப் பதிலாக சுமாரான டாப் பேரைக்கூட மூன்று தெருவிலும் பெட் போடலாம். இன்னொருவர் 21, 59 என்றால் கெட்டியான கை இல்லாமல் ரிவர் வரை வரவே மாட்டார். அவரிடம் டர்னில் இரண்டாவது பெட் போட்டால் பெரும்பாலும் பாட் உங்களுக்கு, ஆனால் அவர் ரிவரில் ரைஸ் செய்தால் நீங்கள் எழுந்து போய்விடுங்கள். இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து பிளஃப் அடிக்கலாமா வேண்டாமா என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன, சின்ன ஸ்டேக்கில் அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. மெதுவாகத்தான் நிலைபெறும், சில நூறு ஹேண்டில் திசை தெரியும், அதற்குமேல் நுணுக்கமாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

சி-பெட்டையும் இப்படி ஜோடியாகப் பார்ப்பது நல்லது, ஃப்ளாப்பில் எவ்வளவு, டர்னில் எவ்வளவு என்று. ஃப்ளாப்பில் 75, டர்னில் 35 என்றால் முதல் தோட்டாவைச் சும்மா சுடுகிறார், இரண்டாவது நிஜம். ஃப்ளாப்பில் பொசிஷனில் (அவருக்குப் பிறகு ஆடுகிற இடத்தில்) இருந்து லேசான கையோடு கால் செய்துவிட்டு, டர்னில் அவர் செக் செய்ததும் பெட் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டர்ன் எண்ணுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு என்பதை மறக்காதீர்கள். 3-பெட் பாட்டுகளையும் சாதாரண பாட்டுகளையும் ஒன்றாகக் கலந்த சி-பெட் எண்ணும் குழப்பும்.

ஸ்டீல் விஷயத்தில் எனக்கு இரண்டு மனத்தாங்கல். கட்-ஆஃப் (பட்டனுக்கு முந்தைய இடம்), பட்டன், ஸ்மால் பிளைண்ட் மூன்று இடத்திலிருந்தும் முதலில் ரைஸ் செய்வதைச் சேர்த்துச் சராசரியாக்கித் தருகிற எண் அது. கட்-ஆஃப்பில் 28ம் பட்டனில் 50ம் இருப்பவருக்கு 40 என்று ஏதோ காட்டும், அந்த 40 எந்த இடத்திலும் அவர் ஆடுவதில்லை. மொத்த விபிஐபி 24 என்பதும் அதே கதைதான், முதல் இடத்தில் 15, பட்டனில் 45 எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும். எனவே இடவாரியாகப் பிரித்துப் பாப்-அப்பில் வைத்திருக்கிறேன். இரண்டாவது, நீங்கள் ஸ்டீல் செய்யும்போது எதிரே இரண்டு பிளைண்டும் போக வேண்டும். 2.5 பிளைண்ட் போட்டு 1.5ஐ எடுக்க 62.5 சதவீதம் ஃபோல்ட் தேவை. ஸ்மால் பிளைண்ட் 80, பிக் பிளைண்ட் 60 என்று ஃபோல்ட் செய்தால் பெருக்கிப் பாருங்கள், 48தான். இருவருமே 79 சதவீதம் அளவுக்குப் போனால்தான் சீட்டைப் பார்க்காமலே ரைஸ் செய்ய முடியும். ஒருவருடைய பச்சை எண்ணை மட்டும் பார்த்து ரைஸ் செய்கிறவர்கள் அடுத்தவரை மறந்துவிடுகிறார்கள்.

பச்சை என்றதும் ஞாபகம் வந்தது, அந்த நிறங்களை அணைத்துவிடுங்கள். இரண்டு வாய்ப்பில் வந்த 100க்கும் இருநூறு வாய்ப்பில் வந்த 72க்கும் மென்பொருள் ஒரே பச்சையைத்தான் அடிக்கும், கண் முதலில் 100க்குத்தான் போகும்.

—

குட்டி_ஸ்டாக் எழுதியது:

டூர்னமென்ட் ஆடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கேஷில் எல்லோரும் பெரும்பாலும் 100 பிளைண்டோடு உட்காருகிறார்கள். டூர்னமென்டில் அதே ஆள் ஆரம்பத்தில் 100 பிளைண்ட், இரண்டு மணி நேரம் கழித்து 12 பிளைண்ட். 12 பிளைண்டில் ஆடினால் ஆல்-இன், இல்லையென்றால் ஃபோல்ட், எனவே விபிஐபியும் பிஎஃப்ஆரும் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டையும் கலந்து ஒரு சதவீதம் எடுத்தால் எந்தக் கட்டத்துக்கும் பொருந்தாது. நான் அவருடைய ஸ்டாக் (மேசையில் உள்ள கையிருப்பு) அளவை வைத்து 15க்குக் கீழ், 15 முதல் 30, 30க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பிரித்ததும் சாம்பிள் இன்னும் மெலிந்துபோகும், அதற்கு மருந்து கிடையாது. பரிசு வரம்புக்கு ஒருவர் இரண்டுபேர் முன்னால் இருக்கும்போது எல்லோரும் இறுகிப்போவதை எந்த ஹட்டும் காட்டாது, அங்கே பேசாமல் எண்ணை மறந்துவிட்டு ஸ்டாக்குகளைப் பாருங்கள்.

—

சோம்பேறி_செக் எழுதியது:

என் தலைக்குமேல் என்ன எண் ஓடுகிறது என்று பார்த்தேன். 31/12. இனிமேல் யாரையும் கிண்டல் செய்வதாக இல்லை.

—

பழைய_கணக்கு எழுதியது:

@சோம்பேறி_செக் விளையாட்டாகச் சொன்னாலும், அந்த மென்பொருளுக்குக் கொடுத்த காசு திரும்பி வருகிற இடம் அதுதான். எதிராளிகளிடம் சாம்பிள் எப்போதும் பற்றாது, உங்களைப் பற்றி மட்டும்தான் ஆடிய எல்லா ஹேண்டும் இருக்கிறது, அதுவும் சீட்டோடு. 31க்கும் 12க்கும் நடுவில் 19 இருக்கிறதே, அந்த ஹேண்டுகளையெல்லாம் ரைஸ் செய்யாமல் காலும் லிம்ப்புமாக உள்ளே வந்திருக்கிறீர்கள். அதில் பிக் பிளைண்டில் கால் செய்ததைக் கழித்துவிட்டு, மீதியை இடவாரியாகப் பிரித்து எவ்வளவு போயிருக்கிறது என்று ஃபில்டர் போட்டுப் பாருங்கள். ஸ்மால் பிளைண்டில் வெறும் கால் செய்கிற பழக்கம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

—

ஏழுரெண்டு எழுதியது:

எட்டு எண், இரண்டு வரி, நிறம் இல்லை, 5 வாய்ப்புக்குக் கீழே இருந்தால் கோடு. அமைத்துவிட்டேன், மேசை இப்போது மேசையாகத் தெரிகிறது. மேசைப்பூனை சொன்னதையும் எடுத்துக்கொண்டேன், குறிப்புப் பெட்டியை ஹட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. சில சமயம் மேசையில் ஆட்கள் எழுந்துபோய் மூன்று பேர், இரண்டு பேர் என்று ஆகிவிடுகிறது. அப்போது ஆடினதும் அதே எண்ணில்தான் கலக்கிறதா?

—

பழைய_கணக்கு எழுதியது:

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் கலக்கும். இரண்டே பேர் ஆடுகிற ஹெட்ஸ்-அப்பில் ஒருவர் 70 சதவீதம் ஆடுவது சாதாரணம், அதில் ஒரு நூறு ஹேண்ட் சேர்ந்துவிட்டால் ஒழுங்கான ரெக்கூட உங்கள் 6-மேக்ஸ் மேசையில் மீனாக (எளிதில் தோற்கிற ஆளாக) தெரிவார். ஹட் அமைப்பில் எத்தனை பேர் ஆடிய ஹேண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஃபில்டர் இருக்கிறது, 4 முதல் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதிக்கும் ஒன்று உண்டு. நீண்ட நாள் ஆடுகிறவர்களுக்கு நான் சமீபத்திய மாதங்களை மட்டும் எடுக்கிறேன், ஆட்டத்தை மாற்றிக்கொண்டவர்கள் பழைய எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். மூன்று பேராக ஆகும்போது எண்ணிக்கைக்கு ஏற்ப இன்னொரு ஹட் அமைப்பு தானாக மாறும்படியும் செய்யலாம், ஆனால் உங்கள் டேட்டாபேஸ் இப்போதைக்குச் சின்னது, அந்த வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.